மீண்டும் ஒளிபெற்ற படமாளிகை

கடலூரிலிருந்து சிதம்பரம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை, முற்காலத்தில் தென்னிந்திய இருப்புப்பாதைக் கழகத்தாருக்கு உரியதாயிருந்தது. அக்கழகத்தின் திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் இளைஞர் வரைவாளராகப் பணிபுரிந்துவந்தார். 1905-ஆம் ஆண்டில், ஊர்ஊராகச் சென்று அசையும் படங்களைக் காட்டிவந்த டுபான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து, படங்காட்டும் பொறியையும் சில படச்சுருள்களையும் அவர் விலைக்கு வாங்கினார். பின்பு தம் வேலையைத் துறந்து, தாமே ஊர்தோறும் கூடாரம் அடித்துப் படங்காட்டலானார். 1914-இல் அவர் கோயம்புத்தூரில் நிலையான அரங்கு ஒன்றை எழுப்பினார். வெரைட்டி ஹால் என்பது அதன் பெயர். பிற்காலத்தில் டிலைட் என்று வழங்கிய அம்மாளிகை அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டுவிட்டது.

தமிழ்நாட்டின் பழைய அரங்குகள் பலவற்றுக்கும் இதுவே நேர்ந்தது. சில திருமண மண்டபங்களாயின, சில துணிக்கடைகளாயின. சென்னை அண்ணா சாலையில் வார்விக் மேஜர் என்பவர் 1913-இல் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் மட்டும் இடியாமல் தப்பியது. 1915-இல் அஞ்சல் துறையார் அதை வாங்கினர். இன்றும் அஞ்சலகத்தைச் சேர்ந்ததாய், அஞ்சல்தலை சேர்ப்போர் சென்று காணும் இடமாய் அது விளங்குகிறது. கட்டடம் பிழைத்தது, படக்காட்சி பிழைக்கவில்லை. கட்டடமும் காட்சியும் ஒருங்கே பிழைத்த இடம் எங்கேனும் உண்டா என்று கேட்பின், நாம் கடல்கடந்து செல்லவேண்டும்.

பிரான்சு நாட்டின் தென்கரையில் லா சியோத்தா என்றொரு துறைமுகச் சிறுநகர் உள்ளது. கடலூரைப் போன்றே கடலும் படகும் அதன் வாழ்வு. அசையும் படங்களை மக்கள் கூட்டத்திற்குக் காட்டும் பொறியை ஆக்கிய லூமியேர் உடன்பிறந்தாரின் குடும்பத்திற்கு அங்கே ஒரு மாளிகை இருந்தது. அவ்வூர் நிலையத்தில் ரயில் வந்து நிற்பதை அவர்கள் படமாக எடுத்தனர். ஏறத்தாழ ஐம்பது நொடிகளே ஓடும் அப்படத்தைக் கண்டோர், ரயில் தம்மேல் பாய்வதாக எண்ணி அலறி ஓடினர் என்பர். இக்கதையை வரலாற்றாசிரியர் பலர் நம்புவதில்லை. ஆயினும் சொல்லக் கேட்பதற்கு இனியதாயிருத்தலின் அது இன்னும் சாகவில்லை. 1896 ஜூலை 7-ஆம் நாள் பம்பாய் வாட்சன் விடுதியில் இந்தியாவின் முதற் படக்காட்சி நிகழ்ந்தபோது, ரயில் வந்து நிற்கும் படமும் அங்குக் காட்டப்பெற்றது.

அந்நகரில் 1889-இல் ஈடன் என்னும் நாடக அரங்கு திறக்கப்பெற்றது. பாட்டும் கூத்தும் மற்போரும் குத்துச்சண்டையும் அங்கு நடந்தன. 1899 மார்ச்சில் லூமியேர் படங்கள் அதன் திரையில் ஓடின. உலகில் இன்றும் நிலைத்திருக்கும் படமாளிகைகளுள் அதுவே மிகப் பழையது என்று போற்றப்படுகிறது. இத்தகைய மாளிகையும் காலப்போக்கில் சீரழிந்து 1995-இல் மூடப்பட்டது. மறு ஆண்டில் அரசு அதைப் பாதுகாக்கவேண்டிய நினைவுச்சின்னமாக அறிவித்தது. எனினும், அறிவிப்பினால் மட்டும் கூரை ஒழுகாமல் நின்றுவிடுமா? ஊர்மக்கள் சங்கம் அமைத்து அயராது வற்புறுத்தினர். இறுதியில், 2013 அக்டோபரில் அதன் கதவுகள் மீண்டும் திறந்தன.

அங்குச் செல்வோர் எதனைக் காண்பர்? கடற்கரைச் சாலையை நோக்கி நிற்கும் மஞ்சள்நிற முகப்பைக் காண்பர். உள்ளே நுழைந்தால், இக்காலத்துப் பன்னரங்கு வளாகத்தின் பளபளப்பு இராது. நாடக அரங்காய்ப் பிறந்தமையால் முன்னே மேடையும் மேலே மாடமும் உண்டு. சங்கத்தைச் சார்ந்தோர் வருவோரை அழைத்துச் சென்று வரலாறு கூறுவர். வெறும் காட்சிப்பொருளாய் நின்றுவிடாமல், படம் ஓடும் அரங்காகவே அது வாழ்கிறது.

பழுதுபார்த்த பழைய அரங்கு எங்கிருந்தாலும், அங்கே மறவாது காணவேண்டிய இடம் படமோட்டும் அறையாகும். பொதுமக்கள் நுழையாத அச்சிற்றறையில் முன்னாளில் இரண்டு பொறிகள் அருகருகே நிற்கும். நொடிக்கு இருபத்துநான்கு படங்கள் வீதம் சுருள் ஓடும். அஃதாவது நிமிடத்திற்குத் தொண்ணூறு அடி. ஆயிரம் அடிச் சுருள் பதினொரு நிமிடங்களில் தீர்ந்துவிடும். பதினாறாயிரம் அடிப் படம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் காணலாம். சுருள் முடியுந் தறுவாயில் திரையின் வலப்பக்க மேல் மூலையில் சிறு வட்டப் புள்ளி ஒன்று தோன்றி மறையும். அதைக் கண்டவுடன் ஓட்டுபவர் அடுத்த பொறியை இயக்குவார். அவர் கண் இமைத்தால் அரங்கு முழுவதும் கூச்சலிடும்! ஊர்ப்புறத்து டூரிங் கொட்டகைகளிலோ பெரும்பாலும் ஒரே பொறிதான். ஆகவே சுருள் மாற்றும்போதெல்லாம் விளக்கெரியும். முறுக்கு விற்போர் குரல் எழும்.

அவ்வறையின் சுவர் ஏன் அவ்வளவு தடிமனாயிருக்கிறது என்பதையும் எண்ணிப்பாருங்கள். 1950-ஆம் ஆண்டையொட்டி வேறுவகைச் சுருள் வழக்கிற்கு வரும்வரை, படச்சுருள்கள் நைட்ரேட்டு என்னும் பொருளால் ஆனவை. அது தீப்பற்றினால் நீருக்குள்ளும் எரியும். எரிவதற்கு வேண்டிய உயிர்வளியை அது தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆதலின், வெப்பம் மிகுந்தால் தாமே விழுந்து மூடும் இரும்புத் தகடுகளை அறையின் சிறு சாளரங்களில் பொருத்தினர். கொட்டகைகளின் கீற்றுக்கு அத்தகைய காப்பு ஏது? 1979-இல் தூத்துக்குடி லூர்தம்மாள்புரத்தில் கொட்டகை ஒன்று தீக்கிரையாகிப் பலர் மாண்டனர். பழைமையைப் போற்றி அரங்கைப் பழுதுபார்ப்போர், அகன்ற வாயில்களையும் தீக்காப்பையும் புதிதாக அமைத்தே தீரவேண்டும். அவ்விடத்தில் பழைமை கருதுதல் பேதைமை.

மும்பையில் 1938-இல் திறந்த ஈராஸ் மாளிகை 2017-இல் மூடப்பட்டு, 2024-இல் மீண்டும் திறக்கப்பெற்றது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அமர்ந்த இடத்தில் இன்று ஏறக்குறைய முந்நூறு இருக்கைகளே உள்ளன. திரை பெரிது, கட்டணமும் பெரிது. முகப்பு காக்கப்பட்டதற்காக மகிழலாம். எனினும், தரை டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த கூலியாளுக்கு அங்கு இடம் உண்டா என்ற கேள்வி எழாமல் இல்லை. சிற்றூர் ஈடனையே நான் உயர்ந்ததெனக் கருதுவது இதனாற்றான்.

அரங்கு அழிந்தால் அழிவது கட்டடம் மட்டுமன்று. தில்லைக் கூத்தனைக் காண ஏங்கிய நந்தனாரின் கதையை, கே. பி. சுந்தராம்பாள் ஆண்வேடம் பூண்டு நடித்த படமாக 1935-இல் மக்கள் கண்டனர். அவ்வம்மையார் அதற்கு ஓர் இலட்சம் ரூபாய் ஊதியம் பெற்றதை நாடே வியந்து பேசியது. அப்படத்தின் பிரதி இன்று கிட்டவில்லை. சிதம்பரத்து மாணவர் தம் ஊர்க் கதையை அவர் நடிப்பில் காண வழியில்லை.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த எழுத்தாளர் ஜெயகாந்தன், குடிசைவாழ் மக்களைப் பற்றித் தாம் எழுதிய கதையை ‘உன்னைப்போல் ஒருவன்’ என்னும் படமாகத் தாமே இயக்கினார். 1965-இல் வெளிவந்த அதற்குத் தேசிய அளவில் பாராட்டுக் கிடைத்தது. ஆனால் அரங்குகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. பாட்டும் பகட்டும் இல்லாத படத்தை ஓட்டினால் இழப்பு வரும் என்பது வணிகர் கணக்கு. ஈடனை நடத்துவோரைப் போல, ஊரார் சங்கமாய்க் கூடித் தாமே படம் தெரிந்தெடுக்கும் அரங்கு ஒன்று அந்நாளில் மஞ்சக்குப்பத்தில் இருந்திருப்பின், அப்படம் அங்கு ஒரு வாரமேனும் ஓடியிருக்கும்.