குதிரை போனது, கம்பம் நின்றது
எங்கிருந்து வந்தது? – கேள்வி பதில்

இந்த மாதத் தபாலில் தீயணைப்பு வண்டி பற்றிய கேள்விகள் நிறைய. தனித்தனியாகப் பல இதழ்களுக்கு இழுப்பானேன் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவிட்டேன்.

தீயணைப்பு வண்டியை முதலில் கண்டுபிடித்தவர் யார்?
– வாசகர், சாத்தூர்

வண்டியைக் கேட்கிறீர்களா, பம்பைக் கேட்கிறீர்களா? பம்புக்கு வயது இரண்டாயிரத்துக்கும் மேல். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் இருந்த க்டெசிபியஸ் என்ற கிரேக்கர் இரண்டு உருளைகள் வைத்து ஒரு பம்ப் செய்தார். ஒரு பிஸ்டன் கீழே இறங்கும்போது மற்றது மேலே ஏறும். அதனால் ஒன்று இழுக்கிற நேரத்தில் மற்றது தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கும். பின்னால் வந்த அதே ஊர் ஹீரோ, இந்தப் பம்பைத் தீயணைக்கப் பயன்படுத்துவதைப் பற்றியே எழுதிவைத்தார். எந்தப் பக்கமும் திருப்பக்கூடிய வாய் அதற்கு இருந்தது.

கி.பி. 6-ல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் ‘விஜிலெஸ்’ என்று ஒரு படை அமைத்தார். இரவில் ரோந்து போவதும் தீயை அணைப்பதும் அதன் வேலை. ரோமுக்குப் பிறகு ஐரோப்பா இந்த வித்தையை ஏறக்குறைய மறந்தே போனது. 1666-ல் லண்டன் எரிந்தபோது மக்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் தோல் வாளிகளும், கூரையை இழுத்துத் தள்ளும் கொக்கிகளும், பிச்சாங்குழல் மாதிரியான பித்தளைக் குழல்களும்தான்.

மாடி அறைக்குள் தண்ணீரைக் கொண்டுபோகும் ஹோஸ் யாருடைய மூளையில் உதித்தது?
– வாசகர், திண்டுக்கல்

ஓர் ஓவியருடைய மூளையில். யான் வான் டெர் ஹெய்டன் (1637–1712) ஆம்ஸ்டர்டாமின் தெருக்களையும் கால்வாய்க் கரைகளையும் வரைந்தவர். சுவரில் உள்ள செங்கல்லைக்கூட ஒவ்வொன்றாக வரைவார் என்று பெயர். பதினைந்து வயதில், 1652-ல், நகரின் பழைய மன்றக் கட்டடம் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

அன்றைய தீயணைப்புக் கருவி எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் அவர் செய்ததன் அருமை புரியும். ஒரு பெரிய மரத்தொட்டி. நடுவில் பம்ப். பம்பின் தலையில் அசைத்துத் திருப்பக்கூடிய ஒரு உலோகக் குழாய், அவ்வளவுதான். தொட்டியை எரிகிற வீட்டுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியாக வேண்டும். ஊர் மக்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கைமாற்றித் தொட்டியை நிரப்ப வேண்டும். பீய்ச்சுகிற தண்ணீர் ஜன்னலில் பட்டுத் தெறிக்கும். பின்கட்டில் நெருப்பு தன்பாட்டுக்கு எரியும். முன்சுவர் சரிந்தால் கருவியும் ஆட்களும் அதன் அடியில்.

1672-ல் வான் டெர் ஹெய்டனும் தம்பி நிக்கோலாஸும் தோலைத் தைத்துக் குழாயாக்கினார்கள். ஒவ்வொன்றும் 50 அடி. இரண்டு முனையிலும் பித்தளைத் திருகு. ஒன்றோடு ஒன்றைத் திருகிக்கொண்டே போனால் வீட்டுக்குள், மாடிப்படி ஏறி, எரிகிற அறை வாசல்வரை தண்ணீர் வரும். பம்ப் தெருமுனையில் பத்திரமாக நிற்கும். கால்வாயிலிருந்து பம்புக்குத் தண்ணீர் கொண்டுவரவும் அவர்கள் குழாய் வைத்தார்கள். வாளி வரிசைக்கு வேலை போனது.

1690-ல் இதைப் பற்றி அவர் ஒரு பெரிய புத்தகமே போட்டார். பழைய கருவி எப்படித் தோற்றது, புதியது எப்படி வென்றது என்று தீவிபத்து தீவிபத்தாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார். தன் சரக்கைத் தானே புகழ்கிற விளம்பரம்தான். ஆனாலும் அந்தப் படங்களைப் பார்த்தால் ஆட்சேபிக்கத் தோன்றாது. ஆம்ஸ்டர்டாமுக்குத் தெருவிளக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவரும் இவரே. தீயணைப்பு வரலாற்றில் நீராவி, மோட்டார் இரண்டையும்விடப் பெரிய திருப்பம் இந்தத் தோல் குழாய் என்பது என் கட்சி.

இங்கிலாந்தில் இன்ஷூரன்ஸ் கட்டாத வீட்டை எரியவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாமே?
– வாசகி, மதுரை

நல்ல கதை. ஆதாரம்தான் மெலிவு. 1666 தீக்குப் பிறகு லண்டனில் தீக்காப்பீட்டுக் கம்பெனிகள் முளைத்தது உண்மை. ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாகத் தீயணைப்பு ஆட்கள் வைத்திருந்ததும், காப்பீடு செய்த வீட்டுச் சுவரில் தன் சின்னம் பொறித்த ஈயத் தகட்டை அடித்ததும் உண்மை. ஆனால் பக்கத்து வீடு தன் கம்பெனி வீடாக இருக்கும்போது நடுவீட்டை எரியவிட எந்தக் கணக்குப்பிள்ளை சம்மதிப்பான்? தீயை அணைத்தால் தெரு முழுக்கப் பெயர் கிடைக்கும், அதுவே விளம்பரம்.

தீயணைப்பு வண்டியை முதலில் இழுத்தது மனிதர்களா, குதிரைகளா?
– வாசகர், ஈரோடு

மனிதர்கள். லண்டனில் ரிச்சர்ட் நியூஷம் என்பவர் 1721-லும் 1725-லும் காப்புரிமை வாங்கிச் செய்த கைப்பம்பு வண்டி உலகம் சுற்றியது. 1731-ல் நியூயார்க் இரண்டு வாங்கியது. பெட்டி நீளமாக, ஒடுக்கமாக இருக்கும், இருபுறமும் கைப்பிடி. சக்கரங்கள் திரும்பாது. தெருமுனை வந்தால் எல்லோரும் சேர்ந்து தூக்கித் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

கைப்பம்பை அடிப்பது முதுகு ஒடிகிற வேலை. லண்டனில் கூட்டத்திலிருந்தே ஆள் பிடிப்பார்கள். முதல் மணிநேரத்துக்கு ஒரு ஷில்லிங், அடுத்து வரும் ஒவ்வொரு மணிக்கும் ஆறு பென்ஸ், கூடவே பீர். பீர் தீர்ந்தால் “பீர், ஓ!” என்று ராகம் போட்டுக் கத்துவார்கள், வரவில்லை என்றால் கை நிற்கும்.

1829-லேயே ப்ரெய்த்வெய்ட், எரிக்சன் இருவரும் நீராவியால் ஓடும் பம்பு செய்து காட்டிவிட்டார்கள். மறு ஆண்டுக் குளிரில் ஆர்கைல் ரூம்ஸ் என்ற அரங்கம் எரிந்தபோது கைப்பம்புகள் உறைந்து நிற்க, நீராவிப் பம்பு மட்டும் வேலை செய்தது. அப்படியும் லண்டன் தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் ப்ரெய்ட்வுட் மனம் இறங்கவில்லை. தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் கொட்டுவதை அவர் வெறுத்தார். ஆட்கள் உள்ளே போய் நெருப்பின் அடியில் அடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கை சரி. அதற்காகப் பம்பையே இத்தனை காலம் தள்ளிவைத்தது அதிகம். அவர் படைக்கு நீராவிப் பம்பு வண்டி வந்தது 1860-ல். அடுத்த ஆண்டு டூலி தெருத் தீயில் சுவர் சரிந்து அவர் இறந்தார்.

அமெரிக்காவில் சின்சினாட்டி நகரம் 1853-ல் நீராவி வண்டியையும் சம்பளத் தீயணைப்புப் படையையும் ஒன்றாகக் கொண்டுவந்தது. அதுவரை கையால் அடித்துக்கொண்டிருந்த தன்னார்வக் குழுக்களுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

பெட்ரோல் கதை இன்னும் வேடிக்கை. 1888-ல் டெய்ம்லர் செய்த வண்டியில் பம்பை ஓட்டியது பெட்ரோல் இன்ஜின். வண்டியை இழுத்தது குதிரை! ஒரே இன்ஜின் சக்கரத்தையும் பம்பையும் ஓட்டிய மெர்ரிவெதர் வண்டி 1904-ல் லண்டனை அடுத்த ஃபின்ச்லிக்கு வந்தது. நியூயார்க்கில் குதிரை கடைசியாகத் தீக்கு ஓடியது 1922 டிசம்பரில்.

வெளிநாட்டுப் படங்களில் தீயணைப்பு வீரர்கள் கம்பத்தில் சறுக்கி இறங்குகிறார்களே, படிக்கட்டு இல்லையா?
– மாணவி, தஞ்சாவூர்

இருக்கிறது. கம்பத்துக்குக் காரணம் குதிரை. கீழ்த்தளத்தில் குதிரைகளும் வண்டியும், நடுமாடியில் ஆட்கள், மேலே வைக்கோல். 1878-ல் சிகாகோவின் 21-ஆம் எண் நிலையத்தில், வைக்கோல் கட்டுவதற்கான கம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சரசரவென்று இறங்கியதைக் கேப்டன் டேவிட் கென்யன் பார்த்தார். தளத்தில் ஓட்டை போட்டு வழவழப்பான மரக்கம்பம் நட்டார். அந்த நிலையத்தில் இருந்தவர்கள் கறுப்பின வீரர்கள். மற்ற நிலையத்தார் முதலில் சிரித்தார்கள். 21-ஆம் எண் வண்டி தங்களுக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். 1880-ல் பாஸ்டன் பித்தளைக் கம்பம் வைத்தது.

அந்தக் காலத்து நிலையத்தில் எல்லாமே நொடிக் கணக்கு. குதிரைச் சேணம் உத்தரத்திலிருந்து தொங்கும். மணி அடித்ததும் குதிரை தானே வந்து அதன் அடியில் நிற்கும். கயிற்றை இழுத்தால் சேணம் முதுகில் விழும், கழுத்துப் பட்டை ‘டக்’கென்று பூட்டும். கொதிகலனில் எப்போதும் வெந்நீர் இருக்கும்படி நிலையத்து அடுப்போடு குழாய் இணைத்திருப்பார்கள். வண்டி புறப்பட்டதும் குழாய் கழன்றுகொள்ளும். போகிற வழியில் நீராவி ஏறும்.

பழைய அமெரிக்க வண்டி ஒன்றின் மூக்கில் பளபளக்கும் பெரிய குண்டு இருந்தது. விளக்கா, அலங்காரமா?
– வாசகர், கோயம்புத்தூர்

நீங்கள் பார்த்தது அரென்ஸ்-ஃபாக்ஸ். சின்சினாட்டித் தயாரிப்பு. பழைய வண்டிகளைத் தேடிப் பிடித்துத் துடைத்து வைத்திருக்கும் பிரியர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். (இவர்களுக்கென்று அமெரிக்காவில் 1958 முதல் சங்கமே இருக்கிறது.)

அந்தக் குண்டு காற்று அறை. பிஸ்டன் பம்ப் தண்ணீரை விட்டு விட்டுத் தள்ளும். பிடிக்கிற ஆளின் கையில் ஹோஸ் துள்ளும். குண்டுக்குள் அடைபட்ட காற்று, தண்ணீர் வேகமாக வரும்போது அமுங்கிக்கொள்ளும். வேகம் குறையும்போது விரிந்து தள்ளும். ஆர்மோனியத்தில் துருத்தியை விட்டுவிட்டு அழுத்தினாலும் சுரம் அறாமல் வருகிறதே, அதே வித்தை. நியூஷமின் மரப்பெட்டி வண்டிக்குள்ளேயே இது இருந்தது. அரென்ஸ்-ஃபாக்ஸ்காரர்கள் அதை வெளியே எடுத்து, குரோமியம் பூசி, எல்லோரும் பார்க்கும்படி முன்னால் வைத்தார்கள். சுழலும் மையவிலக்கு பம்ப் வந்தபின் தண்ணீர் தானாகவே சீராக வந்தது. குண்டுக்கு வேலை இல்லாமல் போனது.

ஏன் சிவப்பு?
– மாணவர், நாகர்கோவில்

சிவப்புச் சாயம் மலிவு என்பதால் என்று ஒரு கதை. விலை அதிகம், அதனால் கௌரவம் என்று இன்னொரு கதை. இரண்டையும் ஒரே ஆள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சாலையில் மற்ற கார்கள் கறுப்பாக இருந்ததால் என்பது மூன்றாவது. எதற்கும் உறுதியான சான்று இல்லை.

சிவப்பு நல்ல தேர்வா என்று கேளுங்கள், பதில் இருக்கிறது. இரவில் நம் கண்ணுக்கு முதலில் மங்குகிற நிறம் சிவப்புதான். பகலில் கண் மிகக் கூர்மையாக உணர்வது மஞ்சள் கலந்த பச்சையை. டல்லாஸ் நகர வண்டிகளை வைத்து ஸ்டீபன் சாலமன், கிங் இருவரும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில் எலுமிச்சை மஞ்சள் வண்டிகள் சிவப்பு வண்டிகளைவிடக் குறைவாகவே விபத்தில் சிக்கின. இருந்தும் பல ஊர்கள் மஞ்சளுக்குப் போய்விட்டுச் சிவப்புக்கே திரும்பின. சிவப்பைப் பார்த்தால்தான் சனங்களுக்கு ‘ஃபயர் இன்ஜின்’ என்று உறைக்கிறது. விமான நிலைய வண்டிகளுக்கு மட்டும் சிவப்பு அல்லது மஞ்சள்பச்சை, எது வேண்டுமானாலும் சரி என்பது சர்வதேசப் பரிந்துரை.

நெடிய ஏணி வண்டி யாருடைய யோசனை?
– வாசகர், சேலம்

ஜெர்மனியின் உல்ம் நகரத்து வியாபாரி, தீயணைப்புப் படைத் தலைவர் கான்ராட் டீட்ரிஷ் மகிரஸ். 1872-ல் சாய்க்கச் சுவர் தேவைப்படாத ஏணி. 1892-ல் அவர் கம்பெனியின் சுழல்மேடை ஏணி, 25 மீட்டர். கூடையில் ஆளை நிறுத்தி மேலே தூக்கும் ‘ஸ்நார்கல்’, 1958-ல் சிகாகோவில் மரக்கிளை வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து வந்த யோசனை.

எங்கள் தெருவில் தீப்பிடித்தபோது வண்டி தண்ணீர் இல்லாமல் வந்துவிட்டது என்று எல்லோரும் திட்டினார்கள். இது எப்படி?
– வாசகி, விழுப்புரம்

பெரும்பாலும் தண்ணீரோடு வந்து, தீர்ந்திருக்கும். கணக்குப் போடுங்கள். 4,500 லிட்டர் தொட்டி. நிமிடத்துக்கு 2,250 லிட்டர் தள்ளும் பம்ப். முழு வேகத்தில் விட்டால் இரண்டே நிமிடம்! தொட்டித் தண்ணீர் என்பது முதல் அடிக்கு. அதற்குள் கிணறோ குளமோ ஹைட்ரண்ட் எனும் தெருக்குழாயோ பார்த்தாக வேண்டும். அடிப்படையில் அந்த வண்டி ஒரு பம்ப். தொட்டி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆழக் கிணற்றிலிருந்து அதனால் நேரடியாக உறிஞ்சவும் முடியாது. காற்றழுத்தம் தண்ணீரை ஏற்றித் தரும் உயரத்துக்கு ஏட்டுக் கணக்கில் சுமார் 10 மீட்டர்தான் எல்லை. நடைமுறையில் ஏழு, எட்டைத் தாண்டுவதே பாடு.

ஹைட்ரண்ட் இருந்தும் பயனில்லாமல் போன சம்பவம் உண்டு. 1904 பிப்ரவரியில் பால்டிமோர் எரிந்தபோது வாஷிங்டன் முதலிய ஊர்களிலிருந்து உதவிக்கு வண்டிகள் ஓடி வந்தன. பல வண்டிகளின் ஹோஸ் அந்த ஊர்க் குழாயில் பொருந்தவில்லை. திருகின் அளவு ஊருக்கு ஊர் வேறு. வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சுமார் 1,500 கட்டடங்கள் சாம்பலாயின.

தீத்தொண்டு நாள் ஏன் ஏப்ரல் 14-ல் வருகிறது?
– ஆசிரியர், புதுக்கோட்டை

1944 ஏப்ரல் 14. பம்பாய் விக்டோரியா துறையில் ‘ஃபோர்ட் ஸ்டிகைன்’ என்ற கப்பல் நின்றிருந்தது. அதனுள் பஞ்சுப் பொதிகள், தங்கக் கட்டிகள், கூடவே சுமார் 1,400 டன் வெடிபொருள். பிற்பகலில் பஞ்சில் புகை தெரிந்தது. தீயணைப்பு வீரர்கள் ஹோஸைக் கப்பலின் வயிற்றுக்குள் விட்டுத் தண்ணீர் அடித்தார்கள். எரிகிற இடத்தை அது எட்டவில்லை. நான்கு மணிக்குச் சற்றுப் பின் கப்பல் வெடித்தது. அரைமணி நேரத்தில் இரண்டாவது வெடிப்பு. இறந்த நூற்றுக்கணக்கானவர்களில் தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அவர்கள் நினைவாகத்தான் அந்த நாளும் தொடரும் வாரமும்.

ஆசிரியராக இருப்பதால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த வாரத்தில் பள்ளிகளுக்கு வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள். முன்கூட்டியே நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள். வந்தால், தண்ணீர் பீய்ச்சுவதை மட்டும் பார்த்துக் கைதட்டி அனுப்பிவிடாமல், பம்பைத் திறந்து காட்டச் சொல்லிப் பிள்ளைகளைக் கிட்டே நிறுத்துங்கள். அவசரத்துக்கு 101 அல்லது 112 என்பதையும் அன்றைக்கே கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்.