திங்கட்கிழமை விருந்தை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்

ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை கனடாவில் தாங்ஸ்கிவிங். ரொறன்ரோவில் அது கறிவேப்பிலைச் சாடியை வீட்டுக்குள் தூக்கிவைக்கிற காலமும்கூட. இரவுக் குளிர் இறங்கத் தொடங்கினால் மரம் இலையைக் கொட்டிவிடும். அதனால் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் எங்கள் ஆட்களின் பின்வளவுகளில் அந்த நாட்களில் ஒரே அலுவலாக இருக்கும். பயற்றங்கொடியை அறுப்பது, கத்தரிச்செடியைப் பிடுங்குவது, பழுக்காத தக்காளியைப் பேப்பரில் சுற்றிவைப்பது, மிளகாய்ச் செடியில் மிஞ்சிய பச்சையும் சிவப்புமான காய்களை ஆய்ந்து சுளகில் பரப்புவது. பனி கொட்டுவதற்கு முன் மண் தருகிற கடைசி விளைச்சல் அது. இந்த நாட்டின் தாங்ஸ்கிவிங் என் மண்டைக்குள் ஏறியது வான்கோழியால் அல்ல, அந்தச் சுளகால்தான்.

அமெரிக்காவில் இதே பெயரில் வருவது நவம்பர் நான்காவது வியாழன். இங்கே குளிர் முந்தி வருகிறது, அறுவடையும் முந்தி முடிகிறது. 1879இல் கனடா அரசு இதை முதலில் நவம்பரில்தான் கொண்டாட வைத்தது. பிறகு நாள் அங்குமிங்கும் மாறி, 1957இல்தான் ஒக்ரோபர் இரண்டாவது திங்கள் என்று நிலையாக அறிவித்தார்கள். நல்ல விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் நாள் என்பதே அந்த அறிவிப்பின் சாரம். வான்கோழி கட்டாயம் என்று எந்த அறிவிப்பிலும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதிதாக வந்த பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் என்னிடம் கேட்பது, "அன்ரி, எங்களுக்கும் இதுக்கும் என்ன? செய்யத்தான் வேணுமோ?" செய்தால் நல்லது என்பேன். இத்தனை வருடம் வீட்டில் வைத்துச் செய்ததில் படிந்த சில விசயங்களைச் சொல்கிறேன்.

முதலில் நாள். விடுமுறை திங்கட்கிழமை. எங்கள் சைவ வீடுகளில் பலர் திங்களில் மச்சம் தொடமாட்டார்கள். அது போதாதென்று புரட்டாசி மாதம். புரட்டாசிச் சனி பிடிப்பவர்கள் இருப்பார்கள். சில வருடம் நவராத்திரியும் கூட வந்து நிற்கும். 2021இல் அப்படித்தான், கொலு வைத்த வீட்டில் தாங்ஸ்கிவிங். ஆகவே விருந்தை ஞாயிறு மத்தியானம் வையுங்கள். கனடியர்களிலும் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிடுகிறார்கள், யாரும் கணக்குக் கேட்கமாட்டார்கள். இரவுச் சாப்பாடாக வைத்தால் வயதானவர்கள் பத்து மணிக்கு இறைச்சி தின்றுவிட்டு நெஞ்செரிவில் கிடப்பார்கள். திங்கட்கிழமை பாத்திரம் கழுவவும் படுத்துக்கிடக்கவும் இருக்கட்டும். நவராத்திரிக்குள் வந்துவிட்டால் பறவையை நத்தாருக்கு ஒத்திப்போட்டுவிட்டு மரக்கறி விருந்தாகவே செய்துவிடுங்கள். அதற்கு வழி பிறகு சொல்கிறேன்.

வான்கோழி வாங்குவதென்றால் பெரிதைப் பார்த்து மயங்காதீர்கள். பன்னிரண்டு பேருக்கு ஆறு கிலோ தாராளம், எங்கள் மேசையில் சோறும் கறிகளும் எப்படியும் இருக்கும். உறைந்த பறவையைக் குசினி மேசையில் வைத்து உருகவிடக்கூடாது. வெளிப்புறம் இளகி, உள்ளே கல்லாக இருக்கும். அந்த இளகிய இடத்தில் கிருமி பெருகும். பிறிச்சுக்குள் வைத்தால் ஆறு கிலோ உருக இரண்டரை, மூன்று நாள் எடுக்கும். வியாழக்கிழமை வேலைக்குப் போக முன்னமே பிறீசரிலிருந்து கீழே இறக்கிவிடுங்கள்.

அடுத்தது பெரிய சண்டைக்குரிய விசயம். பறவையைக் கழுவ வேண்டாம் என்கிறது கனடா சுகாதாரத் திணைக்களம். தண்ணீர் தெறித்து கிருமி சிங்க் முழுக்கப் பரவும் என்பது காரணம். கழுவாத இறைச்சி என்றால் எங்கள் தாய்மாருக்குச் சோறே இறங்காது. நான் கண்ட சமாதானம் இதுதான்: பேப்பர் துவாயால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, தேசிக்காய்ப் புளியில் மஞ்சளையும் உப்பையும் குழைத்து உள்ளும் புறமும் தேய்ப்பது. மாமியும் திருப்தி, சிங்கும் சுத்தம்.

யாழ்ப்பாணக் கறித்தூளைத் தோலின் மேல் பூசி அவணுக்குள் தள்ளினால் மூன்று மணி நேரத்தில் அது கருகிக் கசக்கும். தூள் தோலுக்குக் கீழே போகவேண்டும். நெஞ்சுப் பக்கத்தில் கழுத்து ஓரமாக இரண்டு விரலை நுழைத்து, தோல் கிழியாமல் மெதுவாகத் தளர்த்தினால் பை போல ஒரு இடம் வரும். இஞ்சி, உள்ளி, கறித்தூள், பெருஞ்சீரகம், பட்டர் எல்லாம் குழைத்த கூட்டை அதற்குள் வைத்து, மேலிருந்து கையால் தடவிப் பரப்புங்கள். தோலின் மேல் வெறும் பட்டரும் உப்பும் போதும். வயிற்றுக்குள் பாண் அடைக்கிற வேலை வேண்டாம். இரண்டாக வெட்டிய வெங்காயம், ரம்பை, கறிவேப்பிலை, ஒரு தேசிக்காய். அவண் 163 பாகை செல்சியஸில் இருக்கட்டும். மூன்றரை மணி நேரத்துக்கு முன்பின்னாக ஆகும், ஆனால் மணிக்கூட்டை நம்பாதீர்கள். இறைச்சியில் குத்திப் பார்க்கிற வெப்பமானி இருபது டொலருக்குள் கிடைக்கும். நெஞ்சிலும் தொடையிலும், எலும்பில் முட்டாமல் குத்திப் பார்த்து, 82 பாகை காட்டினால் வெந்துவிட்டது. வெளியே எடுத்து அரை மணி நேரம் மூடிவைத்துவிட்டு வெட்டுங்கள்.

வான்கோழியோடு வைக்கிற கிரான்பெரிக்கு எங்கள் ஆட்கள் முகம் சுளிப்பது ரின்னில் வருகிற இனிப்புக் களியைப் பார்த்துத்தான். பச்சையாக வாங்கிப் பாருங்கள். ஒன்ராறியோவில் மஸ்கோக்காப் பக்கம் பாலா என்ற ஊரில் விளைகிறது. பழத்துக்குள் காற்றறைகள் இருப்பதால் வயலுக்குத் தண்ணீர் கட்டினால் மிதந்து மேலே வரும், அப்படித்தான் அள்ளுகிறார்கள். நல்ல புளிப்பு. கடுகு, செத்தல் மிளகாய், இஞ்சி தாளித்து, சீனி கொஞ்சமாகப் போட்டு வதக்கினால் மாங்காய்ச் சட்னிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எங்கள் வீட்டில் வான்கோழிக்கு முதல் இதுதான் முடிகிறது. மிஞ்சிய இறைச்சியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து கழற்றி பிறிச்சில் வையுங்கள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்குக் கொத்துரொட்டி, எலும்புக்கு மிளகும் மல்லியும் தட்டிப்போட்டு ரசம். திங்கள் பிடிக்கிறவர்கள் செவ்வாய் மட்டும் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான்.

மரக்கறி விருந்துக்கு வழி இந்த மண்ணிலேயே இருக்கிறது. சோளம், போஞ்சி, பூசணி மூன்றையும் பூர்வகுடிகளான ஹோடனோஷோனி மக்கள் மூன்று சகோதரிகள் என்பார்கள். சோளத்தண்டில் போஞ்சிக்கொடி ஏறும், போஞ்சியின் வேர் மண்ணுக்குத் தழைச்சத்துக் கொடுக்கும், பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும். ஒக்ரோபரில் மூன்றும் மலிவு. பூசணியைத் தேங்காய்ப்பாலில் வெள்ளைக்கறியாகவும் போஞ்சியைப் பால்கறியாகவும் வைத்து, சோளத்தைச் சுட்டு மிளகாய்த்தூளும் தேசிக்காயும் தடவி வைத்தால் யாரும் வான்கோழியைத் தேடமாட்டார்கள். பட்டர்நட் என்கிற நீட்டுப் பூசணி எங்கள் பூசணிச் சுவைக்குக் கிட்ட வரும். தோல் சீவச் சிரமம் என்றால் முழுதாக அவணில் சுட்டுவிட்டு வழித்தெடுக்கலாம்.

சமையலை விடக் கடினமானது நன்றி சொல்கிற பகுதி. கனடியர் வீடுகளில் மேசையைச் சுற்றி இருந்து ஒவ்வொருவராகச் சொல்வார்கள். அதை அப்படியே எங்கள் வீட்டில் வைத்தால் நடப்பது இது: மூத்த பிள்ளை "குடும்பம், நண்பர்கள், சுகம்" என்று ஒப்புவிக்கும். அடுத்ததும் அதையே சொல்லும். அம்மம்மா "எல்லாம் முருகன் செயல்" என்று முடித்துவிடுவார். பெரியப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். வீட்டுக்குள் நன்றி சொல்வது பிறத்தியாருக்குச் சொல்வதுபோல எங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனம் இல்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரே ஒரு விதி. ஒரு ஆளைச் சொல்லவேண்டும், அந்த ஆள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லவேண்டும். சுகம், சமாதானம், குடும்பம் எதுவும் செல்லாது. அதை விருந்து மேசையில் கேட்பதில்லை. சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் சுற்றி இருந்து போஞ்சி முறிக்கும்போது கேட்கிறோம். கைக்கு வேலை இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ஒருமுறை மாமி அப்படித்தான், தான் வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசக் கிழவர் விடிய எழும்பி எங்கள் வாசல் பனியையும் சேர்த்து வழித்துவிட்டுப் போனதைச் சொன்னார். "அப்ப எனக்கு ஒரு சொல் இங்கிலிஸ் தெரியாது பிள்ளை, தலையை மட்டும் ஆட்டினனான்." கிழவர் காலமாகிவிட்டார், மனைவி அதே வீட்டில் இருக்கிறார். அடுத்த நாள் பேரப்பிள்ளைகள் உளுந்து வடையும் பூசணிக்கறியும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மாமியின் கதையை இங்கிலிஸில் சொல்லிவிட்டு வந்தார்கள். இப்போது ஒவ்வொரு வருடமும் அங்கிருந்து முட்டைப் பலகாரம் வருகிறது. சொன்ன நன்றி அந்த ஆளிடம் போய்ச் சேரவேண்டும் என்பதில் நான் கண்டிப்பு. தொலைபேசி, கடிதம், ஒரு பார்சல் சாப்பாடு, எதுவானாலும் சரி.

பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்வது 1986. அந்த வருடம் ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்துக் கடலில், சென்ற் ஷொட்ஸ் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அகதிகளாக வந்த 155 தமிழர்கள் தத்தளித்துக்கொண்டிருந்தார்கள். கண்டு காப்பாற்றியவர்கள் மீனவர்கள். முதலில் கண்டவர் கஸ் டோல்ற்றன் என்ற படகோட்டி. முப்பது வருடம் கழித்து 2016இல், அப்படி வந்தவர்களில் சிலர் திரும்பிப்போய் அவரை நேரில் கண்டார்கள். இந்த நாட்டில் எங்கள் நன்றிக்கு ஒரு முகவரி உண்டு என்று பிள்ளைகளுக்கு விளங்க இதைவிட வேறு கதை வேண்டாம்.

ஹோடனோஷோனி மக்களின் நன்றியுரையைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. வருடத்தில் ஒரு நாளுக்கு உரியதல்ல அது. கூடும்போதெல்லாம், வேறு எதையும் பேச முன்னம் சொல்வது. மனிதரில் தொடங்கி நிலம், நீர், மீன், செடி, விலங்கு, மரம், பறவை, காற்று, இடி, சூரியன், நிலா, நட்சத்திரம் என்று ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி மேலே போகும். ரொறன்ரோவிலிருந்து மேற்கே காரில் ஒன்றரை மணி நேரம் போனால் பிரான்ற்ஃபோர்ட்டுக்குப் பக்கத்தில் அவர்களின் சிக்ஸ் நேஷன்ஸ் நிலம் இருக்கிறது. அவர்கள் சடங்கை எங்கள் மேசையில் நடித்துக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த விடுமுறையைப் பூர்வகுடிகள் எல்லாரும் ஒரே மனதோடு பார்ப்பதும் இல்லை. வதிவிடப் பள்ளிகளில் இழந்த பூர்வகுடிப் பிள்ளைகளை நினைக்கும் செப்ரெம்பர் 30 கழிந்து இரண்டு கிழமைக்குள் இது வருகிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அப்பிள் தோட்டத்துக்குப் போய்ப் பிள்ளைகளை ஏணியில் நிறுத்திப் படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. போகலாம், ஆனால் அந்தத் தோட்டங்களில் உண்மையில் பழம் பறிப்பவர்கள் யார் என்பதையும் காட்டுங்கள். 1966இல் ஜமெய்க்காவிலிருந்து 264 பேரோடு தொடங்கிய பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் இன்று மெக்சிக்கோவிலிருந்தும் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அதிகபட்சம் எட்டு மாதம், குடும்பத்தைக் கூட்டிவர முடியாது, டிசெம்பர் நடுவுக்குள் திரும்பிவிடவேண்டும். நாங்கள் விருந்து வைக்கிற ஞாயிறன்று அவர்கள் லீமிங்ரன் தக்காளிக் கூடாரங்களில் நிற்பார்கள். அரேபியாவுக்குத் தகப்பனை அனுப்பிவிட்டுக் காத்திருந்த ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது விளங்காமல் போகாது.

கடைசியாகக் கொடுப்பது பற்றி. தாங்ஸ்கிவிங்குக்கும் நத்தாருக்கும் கடைவாசல் பெட்டிகள் ரின் சாமான்களால் நிரம்பிவிடும். டெய்லி பிரெட் போன்ற உணவு வங்கிகள் இந்தக் கிழமையில்தான் பெரிய சேகரிப்பு நடத்துகின்றன. கொடுங்கள், காசாகக் கொடுத்தால் அவர்கள் தேவை பார்த்து மொத்தமாக வாங்குவார்கள். ஆனால் பள்ளிக்கூடம் மூடி, காலைச் சாப்பாட்டுத் திட்டமும் நின்றுபோகிற கோடையில் வருகிற நன்கொடை குறைந்துவிடும், பசி குறையாது. ஞாயிறு விருந்து முடிந்து கை கழுவியவுடன் போனைத் திறந்து, அடுத்த யூலை முதலாம் திகதிக்கு ஒரு நினைவூட்டல் போட்டுவையுங்கள்.