பட்டம் கையில், பணி எங்கே? – மருந்தாளர் தொழிலும் தீவக மக்களும்

கிளினிக் நாளொன்றின் பிற்பகலில் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று பார்த்தால் ஒரு காட்சியைக் காணலாம். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் பஸ்ஸால் இறங்கும் முதியவர்கள் பலரின் கையில் ஒரு பை இருக்கும். அதற்குள் ஒரு மாதத்துக்கான மருந்து. பிரஷருக்கு ஓர் உறை, சீனி வருத்தத்துக்கு ஓர் உறை, கொலஸ்ட்ரோலுக்கு இன்னோர் உறை. நயினாதீவுக்குப் போகிறவர் சிறிது நேரப் படகுப் பயணத்தில் வீடு சேர்ந்துவிடுவார். நெடுந்தீவுக்குப் போகிறவருக்கு இன்னும் ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடல் இருக்கிறது. வீட்டுக்குப் போய் உறைகளைப் பிரித்த பிறகு, "இந்த வெள்ளைக் குளிசை சாப்பாட்டுக்கு முன்னமோ, பிறகோ?" என்றொரு சந்தேகம் வந்தால் அவர் யாரிடம் கேட்பார்? திரும்பவும் கடல் கடந்து பஸ் ஏறி வருவாரா?

இதே வேளையில், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே நான்கு வருடம் படித்த பெண் பிள்ளை ஒருத்தி பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நியமன அறிவித்தலுக்காகக் காத்திருக்கிறாள். ஒருபுறம் கேள்வி, மறுபுறம் பதில். இரண்டும் சந்திக்கவில்லை. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கும் நம் கல்லூரி மாணவிகளில் பலர் மருந்தாளர் பட்டத்தை ஒரு தெரிவாக மனத்தில் வைத்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சிக்கலை நாம் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

நால்வரில் ஒருவர்

திருக்குறளின் 95 ஆவது அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளாகிய 950 ஆவது குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாக வகுக்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். உரையாசிரியர் பரிமேலழகர் இந்த நான்காமவரை மருந்தைப் பிழையாமல் ஆக்கித் தருபவர் என்ற பொருளில் விளக்குகிறார். மருத்துவர் வேறு, மருந்தைப் பிழையின்றிக் கையாள்பவர் வேறு என்ற தெளிவு நம் தமிழில் பழையது.

இஸ்லாமிய நாகரிகத்திலும் இத்தொழில் தனியாக வளர்ந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் மருந்துக் கடைகள் தனித்து இயங்கின. சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்கு மருந்தில் கலப்படம் நடக்கிறதா என்று பார்ப்பதும் கடமையாயிற்று. அல்-பிரூனி தமது முதுமையில் 'கிதாபுஸ் ஸைதனா' என்ற மருந்தியல் நூலை எழுதினார். 1248 இல் திமிஷ்கில் காலமான இப்னு அல்-பைதார் ஏறத்தாழ 1,400 மருந்துப் பொருட்களைத் தொகுத்து விவரித்தார். நோயை இறக்கிய இறைவன் அதற்கான நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்று நம்பும் சமூகம் மருந்தைத் தேடுவதையும் சோதிப்பதையும் அறிவுப் பணியாகக் கருதியது இயல்பே.

மருந்தாளர் ஆகும் வழிகள்

நம் நாட்டில் மருந்தாளர் ஒருவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற வேண்டும். இதற்கு அடிப்படை 1927 ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம். பதிவுக்குச் செல்லும் வழிகள் பிரதானமாக மூன்று.

முதலாவது, பல்கலைக்கழகத்தின் நான்கு வருட பி.பாம் பட்டம். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், ருஹுணு, ஸ்ரீ ஜயவர்தனபுர ஆகிய பல்கலைக்கழகங்களில் இப்பட்டம் உண்டு. இரண்டாவது, சுகாதார அமைச்சின் கீழ் பயிற்றப்பட்டு அரச சேவையில் சேரும் டிப்ளோமா வழி. மூன்றாவது, பதிவு பெற்ற மருந்தாளர் ஒருவரின் கீழ் பயிலுநராக இருந்து பரீட்சையில் சித்தியடைந்து சான்றிதழ் பெறும் வழி.

'மருந்தாளர்' வேறு, 'மருந்துக் கலவையாளர்' வேறு என்பதையும் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும். கிராமப்புறச் சிறிய வைத்தியசாலைகளில் மருந்து வழங்கும் சாளரத்துக்குப் பின்னால் இருப்பவர் பெரும்பாலும் மருந்துக் கலவையாளரே. பட்டதாரி மருந்தாளர் பெரிய வைத்தியசாலைகளிலேயே அதிகம்.

வேலை ஏன் கிடைப்பதில்லை?

முதற் காரணம் ஆளணி. அரச வைத்தியசாலை ஒன்றில் எத்தனை மருந்தாளர் பதவிகள் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட எண்ணிக்கை. நோயாளர் தொகை பெருகினாலும், பட்டதாரிகள் தொகை பெருகினாலும், ஆளணி அனுமதிக்கப்படாமல் ஒரு நாற்காலி கூடக் கூடாது. பல்கலைக்கழகம் ஒவ்வொரு வருடமும் பட்டதாரிகளை வெளியேற்றுகிறது. ஆட்சேர்ப்போ திறைசேரியின் கையிருப்பைப் பார்த்து நடக்கிறது. 2022 இல் நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாத நிலைக்கு வந்த பின் அரச சேவையில் புதிய ஆட்சேர்ப்பு இறுக்கப்பட்டது. படித்து முடித்த வருடம் ஒன்று, நியமனம் வரும் வருடம் வேறொன்று என்றாகிவிட்டது.

இரண்டாவது காரணம் தனியார் துறையின் போக்கு. 1980 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும், அதன் இடத்துக்கு வந்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டமும் மருந்தகம் பதிவு பெற்ற மருந்தாளரின் பொறுப்பில் நடக்க வேண்டும் என்ற நிலைப்பாட்டைக் கொண்டவை. ஆயினும் சில இடங்களில் மருந்தாளரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும்; ஆள் இருக்க மாட்டார். சான்றிதழுக்கு மாதாந்தம் ஒரு தொகை போகும். குளிசையை எடுத்துக் கொடுப்பவர் அனுபவத்தால் பழகிய விற்பனையாளர். சான்றிதழை வாடகைக்கு விடுபவர் தமக்குப் பின்னால் வரும் இளைய மருந்தாளரின் வேலையையும் சேர்த்தே வாடகைக்கு விடுகிறார். உரிமையாளர் சங்கங்கள் "மருந்தாளர் போதவில்லை" என்கின்றன. பட்டதாரிகள் "வேலை இல்லை" என்கிறார்கள். முழுநேர மருந்தாளருக்குரிய சம்பளத்தைக் கொடுக்க ஒரு பகுதியினர் விரும்பவில்லை. கிடைக்கும் சம்பளத்துக்கு இரவு ஒன்பது, பத்து மணி வரை நிற்க மறு பகுதியினரால் முடியவில்லை. இரண்டு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். இதில் பெண்களின் சிரமம் கூடுதல். கடைசி பஸ் போன பிறகு கடை மூடினால், தூரக் கிராமத்துப் பிள்ளை எப்படி வீடு திரும்புவாள்?

மூன்றாவது காரணம் கைத்தொழில். நமக்கு வேண்டிய மருந்துகளில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்தே வருகிறது. பேராசிரியர் சேனக பிபிலே அவர்களின் முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கக் கூட்டுத்தாபனம் தோன்றியது. மருந்துகளைப் பொதுப்பெயரில், தேவைக்கேற்ப, நியாய விலையில் கொள்வனவு செய்யும் அக்கொள்கை உலகம் வியந்த ஒன்று. 1987 இல் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனமும் வந்தது. ஆனாலும் உள்நாட்டு உற்பத்தி நாட்டின் தேவைக்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு வளரவில்லை. தொழிற்சாலை இருந்தால்தான் தயாரிப்பு, தரப் பரிசோதனை, ஆய்வு என்று பட்டதாரிக்குப் பல கதவுகள் திறக்கும். இறக்குமதி செய்து விற்கும் நாட்டில் விற்பனைப் பிரதிநிதி வேலையே முன்னால் வந்து நிற்கிறது.

பிற நாடுகளின் பாடம்

இது நமக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல. ஐக்கிய அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 80 மருந்தியல் கல்லூரிகள் இருந்தன. இருபது ஆண்டுகளில் அவை 140 ஐத் தாண்டின. அதே காலத்தின் பிற்பகுதியில் வேலைச் சந்தை சுருங்கியது. விண்ணப்பிக்கும் மாணவர் தொகையும் விழுந்தது. இந்தியாவில் கல்லூரிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன என்று கண்ட இந்திய மருந்தியல் சபை, புதிய கல்லூரிகளுக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது. அத்தடை செல்லாது என்று 2022 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு வேறொரு வழியையும் முயன்றது. 2025 பெப்ரவரியில் 1,000 'முதல்வர் மருந்தகங்கள்' அங்கு திறக்கப்பட்டன. மருந்தியல் கற்றவர்களும் கூட்டுறவுச் சங்கங்களும் அரச மானியத்துடன் இவற்றை நடத்துகின்றனர்.

வெளிநாடு செல்வதும் எளிதல்ல. வளைகுடா நாடுகளில் உரிமப் பரீட்சை உண்டு. அவுஸ்திரேலியாவில் பரீட்சையோடு மேற்பார்வையின் கீழான பயிற்சியும் வேண்டும். விமானம் ஏறினால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணத்தோடு பட்டத்தைத் தெரிவு செய்வது ஆபத்தானது.

தேவை எங்கே இருக்கிறது?

இப்போது மீண்டும் குறிகட்டுவானுக்கு வருவோம். அந்த முதியவரின் பையில் உள்ள மருந்துகளை ஒரு மருந்தாளரின் கண்ணால் பார்த்தால் எத்தனை கேள்விகள் எழும்!

பையில் இன்சுலின் இருந்தால், திறக்காத குப்பியை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். பஸ்ஸிலும் படகிலும் வெயிலில் அது எப்படிப் போய்ச் சேரும்? இரு வைத்தியர்கள் எழுதிய இரு சிட்டைகளில் ஒரே மருந்து இரு வணிகப் பெயர்களில் இருந்தால், இரட்டை அளவு உடலுக்குள் போகும். இதை யார் கவனிப்பார்? இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர் மூட்டு வலிக்கென்று கடையில் வலிநிவாரணி வாங்கிப் போட்டால் உட்கசிவு ஏற்படலாம். யார் எச்சரிப்பார்? வாடைக்காற்றில் கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களுக்கு எத்தனை நாள் மருந்து கையிருப்பில் வேண்டும்? முன்கூட்டியே யார் கணக்குப் பார்த்துச் சொல்வார்?

நம் சமூகத்துக்கே உரிய கேள்விகளும் உண்டு. றமழானில் நோன்பு நோற்கும் சீனி வருத்தக்காரர் தாமாகவே குளிசை நேரத்தை மாற்றிக்கொள்கிறார். சிலர் மருந்தையே விட்டுவிடுகிறார்கள். நோன்பு தொடங்க முன்பே வைத்தியருடன் பேசி ஸஹருக்கும் இப்தாருக்கும் ஏற்ப அளவை ஒழுங்குபடுத்த வேண்டும், சீனி மிகவும் இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டும் என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். கூட்டுக்குளிசையின் ஜெலற்றின் ஹலாலா என்று தயங்கும் தாய்க்கு மாற்று வடிவம் உண்டா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பெண்கள் தங்கள் நோயைக் கூச்சமின்றிச் சொல்ல ஒரு பெண் மருந்தாளர் இருப்பது எவ்வளவு ஆறுதல்!

இப்பணியால் பயன் உண்டா என்றால், உண்டு. இலங்கை வைத்தியசாலை ஒன்றின் விடுதிகளில் மருந்தாளர்கள் நேரடியாகப் பணியாற்றியபோது, நீண்டகால நோயாளர்கள் மருந்துப் பிரச்சினையால் திரும்பவும் அனுமதிக்கப்படுவது குறைந்தது. இந்த ஆய்வு உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 2018 இல் வெளிவந்தது. நோயாளி திரும்பி வராமல் இருப்பது அவருக்கு நன்மை. வைத்தியசாலைக்கும் செலவு மிச்சம்.

எனவே மருந்தாளர்கள் மிகுந்துவிட்டார்கள் என்பது முழு உண்மையல்ல. பதவிகள் குறைவு, தேவை குறைவு இல்லை. தேவையைப் பதவியாக மாற்றும் வேலைதான் இன்னும் நடக்கவில்லை.

என்ன செய்யலாம்?

அரசாங்கம் செய்யக்கூடியவை சில. சிறிய வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் பட்டதாரி மருந்தாளரை நிரந்தரமாக வைக்க இயலாவிட்டாலும், ஒரு பிரதேசத்துக்கு ஒருவரை நியமித்து முறைவைத்துத் தீவுகளுக்கு அனுப்பலாம். தூரப் பிரதேசச் சேவைக்கு விடுதியும் மேலதிகக் கொடுப்பனவும் வழங்கலாம். சான்றிதழ் வாடகையைச் சட்டப்படி இறுக்கினால் தனியார் துறையில் உண்மையான வேலைகள் வெளிவரும்.

சமூகமும் செய்யலாம். யாழ்ப்பாணத்துக்குக் கூட்டுறவு புதிதல்ல. மூளாயில் மக்கள் கூடிக் கூட்டுறவு வைத்தியசாலையே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். தீவகச் சங்கங்களும் பள்ளிவாசல், கோயில் நிருவாகங்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவு மருந்தகத்தைப் பற்றி யோசிப்பது கனவல்ல.

மாணவிகள் செய்யக்கூடியவை இவை. இசட் புள்ளி இடம் தருகிறது என்பதற்காக மட்டும் இப்பட்டத்தைத் தெரிவு செய்யாதீர்கள். அரச நியமனம் ஒன்றையே இலக்காக வைக்காமல் தரக்கட்டுப்பாடு, ஒழுங்குபடுத்தல், விடுதி மருந்தாளர் பணி, ஆய்வு ஆகியவற்றையும் படிக்கும்போதே அறிந்துகொள்ளுங்கள். சிங்களமும் ஆங்கிலமும் கற்றுக்கொள்ளுங்கள். நாட்டின் எந்த மூலையிலும் நோயாளியுடன் பேச முடியும். காத்திருக்கும் காலத்தில் நல்ல மருந்தகம் ஒன்றில் மூத்த மருந்தாளரின் கீழ் நின்று பழகுங்கள். எந்த நெருக்கடியிலும் உங்கள் சான்றிதழை வாடகைக்கு விடாதீர்கள். சான்றிதழ் ஓர் அமானிதம். நீங்கள் இல்லாத கடையில் உங்கள் பெயரால் கொடுக்கப்படும் ஒவ்வொரு குளிசைக்கும் நீங்களே பொறுப்பாளி.

அடுத்த முறை வீட்டில் உம்மம்மாவின் மருந்துப் பையைக் கண்டால், அதைத் திறந்து உறைகளை ஒவ்வொன்றாக அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விளங்காததைக் குறித்துவைத்து, அடுத்த கிளினிக்கில் அவருக்காகக் கேளுங்கள். பட்டமும் நியமனமும் பிறகு வரட்டும். உழைச்செல்வானின் வேலை அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சிந்திப்பதற்கு:

1. 'மருந்தாளர் போதவில்லை', 'மருந்தாளருக்கு வேலை இல்லை' ஆகிய இரு கூற்றுகளும் ஒரே நேரத்தில் உண்மையாவது எப்படி?
2. உங்கள் ஊர் வைத்தியசாலையில் மருந்து வழங்குபவர் மருந்தாளரா, மருந்துக் கலவையாளரா? விசாரித்து அறிக.
3. கடல் கடந்து மருந்து பெறும் ஒருவருக்கு மருந்தாளர் ஒருவர் சொல்ல வேண்டிய ஐந்து அறிவுரைகளை எழுதுக.