சமூக வலைத்தளங்கள்: இலாபமும் நட்டமும்



பூசை முடிந்து மண்டபத்தில் அன்னதானத்துக்கு அமரும்போது பெரியோர் கையிலும் சிறியோர் கையிலும் கைத்தொலைபேசி இருப்பதைக் காண்கிறோம். "இதைத் தடை செய்ய வேண்டும்" என்பார் சிலர். "இது இல்லாவிட்டால் ஊரோடு தொடர்பே இல்லை" என்பார் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. நாம் தொழிலாற் கணக்காளர். ஆகவே இவ்விடயத்தையும் இலாபநட்டக் கணக்காக எழுதிப் பார்ப்போம்.

இவை வந்த வழி

பேஸ்புக் 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2006இல் 13 வயது நிரம்பிய எவரும் சேரலாம் என்றாயிற்று. வட்சப் 2009இல் தோன்றியது. அதை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜான் கூம், உக்ரேனிலிருந்து தாயாருடன் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அரசாங்க உதவியில் வாழ்ந்து முன்னேறியவர். பேஸ்புக் நிறுவனம் 2012இல் இன்ஸ்ரகிராமையும் 2014இல் வட்சப்பையும் வாங்கியது. 2021இல் மெற்றா என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது.

எம்மிடம் ஒரு சதமும் வாங்காத நிறுவனம் எப்படி வாழ்கிறது? அதன் 2021ஆம் ஆண்டுக் கணக்கு விடை சொல்கிறது. மொத்த வருமானம் ஏறத்தாழ 118 பில்லியன் டொலர். அதில் ஏறத்தாழ 115 பில்லியன் விளம்பர வருமானம். விளம்பரம் கண்ணிற் பட வேண்டுமானால் நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே விற்கப்படும் சரக்கு எமது நேரம்தான்.

இலாபப் பக்கம்

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு கடிதம் போய்ச்சேர எத்தனை வாரம் சென்றது என்பதை மூத்தோர் அறிவர். இன்று சிட்னியில் இருக்கும் பேரப்பிள்ளை முதலடி வைத்ததை ஊரிலுள்ள அம்மம்மா அன்றே பார்க்கிறார். ரொரன்ரோ, இலண்டன், பாரிஸ் என்று சிதறிய சகோதரர்கள் ஒரே குழுவிற் பேசிக்கொள்கிறார்கள்.

எமது அனுபவம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 2019இல் எமது தந்தையார் ஊரிற் காலமானார். அப்போது எமது விசா நிபந்தனையின்படி இலங்கைக்குப் போக இயலாது. மூத்த மகன் செய்ய வேண்டியவற்றைத் தம்பி செய்தான். அயல்வீட்டுப் பிள்ளை ஒருவர் தொலைபேசியைப் பிடித்து, வீட்டுக் கிரியை தொடக்கம் மயானம் வரை வட்சப் வழியாகக் காட்டினார். அந்த உதவிக்கு நாம் விலை போட மாட்டோம்.

நட்டப் பக்கம்

ஆனால் அந்த மரணச் செய்தி எமக்கு வந்த விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். மாதக் கடைசி. அலுவலகத்திற் கணக்கு முடித்துக்கொண்டிருந்தோம். உறவினர் குழுவில் ஒரு படம் வந்தது. குத்துவிளக்கு, மலர்மாலை, "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்ற எழுத்து, நடுவே அப்பாவின் முகம். தம்பி அழைத்தது அதற்குப் பிறகுதான். "அண்ணா, நான் சொல்ல முதல் ஆர் போட்டது?" என்று அழுதான்.

போட்டவர் எம்மீது அன்புள்ள உறவினர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. முன்பு தந்தி கொடுப்பதென்றால் தபாற்கந்தோருக்கு நடந்து போக வேண்டும். யாருக்கு முதலிற் சொல்வது என்று யோசிக்க வழியில் நேரமிருந்தது. இப்போது விரல் பட்டதும் செய்தி போய்விடுகிறது. யோசிக்கும் நேரம் இல்லாமற் போனதே முதலாவது நட்டம்.

இரண்டாவது நட்டம் வதந்தி. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது பொய்களும் வெறுப்பும் இத்தளங்களிற் பரவின. அரசாங்கம் சில நாட்கள் இவற்றை முடக்கியது. பேஸ்புக் நிறுவனம் 2020இல் அதற்கு மன்னிப்புக் கேட்டது. ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதென 2019இல் உலகெங்கும் வட்சப் கட்டுப்பாடு விதித்ததும் வதந்தியைத் தடுக்கவே.

மூன்றாவது, பண மோசடி. தெரிந்தவரின் கணக்கைக் களவாடி, அவர் பெயரில் "அவசரமாகக் காசு வேணும்" என்று கேட்கிறார்கள்.

பிள்ளைகளும் நாமும்

அவுஸ்திரேலியாவில் 2025 டிசெம்பர் 10 முதல், 16 வயதுக்குட்பட்டோர் பேஸ்புக், இன்ஸ்ரகிராம், ரிக்ரொக் போன்றவற்றிற் கணக்கு வைத்திருப்பதை நிறுவனங்கள் தடுக்க வேண்டும். தவறினால் 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டப்பணம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. வட்சப் இச்சட்டத்தில் அடங்காது. ஆகவே எமது குடும்பக் குழுக்களைக் காக்கும் பொறுப்பு எம்முடையது. சாப்பாட்டு மேசையில் நாம் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு பிள்ளையைக் கண்டிப்பதிற் பயனில்லை.

வீட்டில் நடைமுறைப்படுத்தக்கூடியவை

1. மனைவி, மக்கள், சகோதரர் அனைவரும் நேரடிக் குரலிற் கேட்டறிந்த பின்னரே மரணச் செய்தியைக் குழுவில் இடுக.

2. இரட்டை அம்புக்குறியுடன் வரும் செய்தி பலமுறை கைமாறியது. உறுதிப்படுத்தாமல் அனுப்பற்க.

3. வட்சப்பின் 6 இலக்க எண்ணை எவர் கேட்டாலும் கொடுக்கலாகாது. பணம் கேட்டால் அவரை அழைத்துக் குரலைக் கேளுங்கள்.

4. பிறர் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமற் போடாதீர்கள். ஊரிலுள்ள உறவினரின் பாதுகாப்பை எண்ணிப் படம் வேண்டாமென்போர் எம்மிடையே உள்ளனர்.

கணக்கை முடித்துப் பார்த்தால் இலாபமே கூட என்பது எமது கருத்து. ஆயினும் நட்டப் பக்கத்தில் உள்ளவற்றிற் பெரும்பாலானவை நாமே தவிர்க்கக்கூடியவை. அப்பாவின் அந்தியேட்டி முடிந்ததும் நாமும் தம்பியும் ஒரு பட்டியல் எழுதினோம். அவசரம் நேர்ந்தால் யார் யாரை எந்த ஒழுங்கில் அழைப்பது என்று அதில் உள்ளது. அது இங்கும் ஊரிலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டிலும் இந்த வாரமே ஒன்றை எழுதி வையுங்கள்.