கறுப்பு டையை எடுக்கப் போறியா? இதைக் கேட்டுட்டுப் போ

கறுப்பு டை ஏறின முடி மேல பிரவுன் டை போட்டா முடி பிரவுன் ஆகாது. பார்லர் நாற்காலியில உட்கார்றதுக்கு முன்னாடி இந்த ஒரு விஷயம் மனசுல இருந்தா பாதிப் பணம் மிச்சம். டையால உன் முடியோட சொந்த நிறத்தை ஓரளவு வெளுக்க வைக்க முடியும். ஏற்கெனவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிற இன்னொரு டையை அதால அசைக்க முடியாது. அதனால புதுசா வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்குச் செம்பட்டையா மின்னும், கீழே பழைய கறுப்பு அப்படியே நிக்கும். அதைச் சரிபண்ண மறுபடியும் ஒரு பில்.

டை வேலை செய்யுற விதமே அப்படி. உன் கறுப்பு டை பாக்கெட்டைத் திருப்பிப் பாரு, பி.பி.டி.ன்னு சுருக்கிச் சொல்ற பாராபினைலீன்டையமின் பெரும்பாலும் இருக்கும். கலக்குறப்போ அது குட்டி மூலக்கூறு. அம்மோனியா முடியோட மேல் செதிலைத் திறந்து விடும், இது உள்ளே நுழையும், பெராக்சைடு பட்டதும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுப் பெருசாகிக் கறுக்கும். குடத்துக்குள்ள விட்டு வளர்த்த பூசணிப்பிஞ்சு மாதிரி, போன வழியில திரும்பி வராது. 1907-ல பாரிஸ்ல யூஜின் ஷுவெல்லர் டை தயாரிச்சு சலூன்களுக்கு வித்த காலத்துல இருந்து அடிப்படை பெருசா மாறலை.

எடுக்கிறதுக்கு சலூன்ல ரெண்டு வழி வச்சிருக்காங்க. முதலாவது கலர் ரிமூவர். கோத்துக்கிட்ட மூலக்கூறுகளை இது மறுபடி பிரிச்சுவிடும், அலசும்போது வெளியே வந்துடும். அழுகின முட்டை வாசனை அடிக்கும், பயப்படாதே, கந்தகச் சரக்கு அப்படித்தான். இதுல நல்லது என்னன்னா, உன் சொந்த நிறமியை இது தொடாது, முடிக்குச் சேதமும் குறைவு. சிக்கல் அலசுறதுலதான் இருக்கு. பிரிஞ்ச துணுக்குகள் உள்ளேயே தங்கிட்டா, காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டு மெல்ல மெல்லத் திரும்பக் கறுத்துடும். "நேத்து பிரவுனா இருந்துச்சுக்கா, இன்னைக்குக் கறுப்பா இருக்கு"ன்னு புலம்புறவங்களுக்கு நடந்தது இதுதான். நல்ல ஸ்டைலிஸ்ட் நிறைய நேரம் அலசிட்டு, 3 சதவீத பெராக்சைடைக் கொஞ்சம் தடவிப் பார்ப்பாங்க. கறுத்தா டை இன்னும் உள்ளே இருக்குன்னு அர்த்தம், மறுபடி ஒரு சுற்று.

ரெண்டாவது வழி பிளீச். இது டையையும் உடைக்கும், உன் சொந்த நிறமியையும் உடைக்கும். கறுப்புல ஆரம்பிச்சா நேரா பிரவுனுக்கு வராது. முதல்ல சிவப்பு, அப்புறம் செம்மஞ்சள், அப்புறம் மஞ்சள்னு படிப்படியாத்தான் இறங்கும். நடுவுல கண்ணாடியில பார்த்து அலறாதே. பிளீச் பவுடரை ஷாம்புவோட கலந்து ஈரமுடியில கொஞ்ச நேரம் மட்டும் வைக்கிற மிதமான முறையும் இருக்கு, 'பிளீச் பாத்'னு கேளு. பிளீச்சோட கலக்குற டெவலப்பர் எத்தனை வால்யூம்னும் கேட்கலாம், தப்பே இல்லை. 10 வால்யூம்னா 3 சதவீத பெராக்சைடு, 20-ன்னா 6, 30-ன்னா 9, 40-ன்னா 12. டை ஏறின முடிக்கு 40 எடுக்கிறாங்கன்னா நாற்காலியை விட்டு எழுந்துடு.

எது உனக்குன்னு முடிவு பண்றது உன் முடியோட பழைய கதைதான். முடி மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூட வளரும். உன் ஜடை இடுப்பு வரைக்கும் இருந்தா, நுனிக்கு நாலஞ்சு வயசு. நாலு தீபாவளிக்கு அடிச்ச டை எல்லாம் அடுக்கடுக்கா அங்கே இருக்கு. அதை மறைக்காம சொல்லணும். "ஒரு தடவைதான் போட்டேன்"னு வெட்கப்பட்டுப் பொய் சொன்னா முடிதான் தண்டனை அனுபவிக்கும். ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின் எதுவா இருந்தாலும் எந்த வருஷம் பண்ணினேன்னு சொல்லிடு. ரீபாண்டிங் பண்ணின முடியில பிளீச் வச்சு, அலசும்போது கொத்தா கையோட வந்த கதை பார்லர்கள்ல சகஜம்.

மருதாணி போட்டிருந்தாலும் மறைக்காம சொல்லணும். வெறும் இலை மருதாணி ஒருநாளும் கறுப்பைத் தராது, சிவப்புதான் தரும். கறுப்பு மெஹந்தின்னு விக்கிற பாக்கெட் பலதுலயும் அதே பி.பி.டி.தான் உட்கார்ந்திருக்கு. மருதாணிக்கு மேல அவுரிப் பொடி போட்டுக் கறுப்பாக்குற பழக்கம் நம்ம வீடுகள்ல நிறைய (திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி சாகுபடி நடக்குது). இயற்கைதானேன்னு அதைச் சொல்லாம விட்டுடாதே. மருதாணி நிறத்தையும் அவுரி நிறத்தையும் ரிமூவரால எடுக்க முடியாது. அவுரி ஏறின முடியில பிளீச் வச்சா பச்சை கிளம்பலாம். உலோக உப்பு கலந்த டைகள் இன்னும் மோசம், பெராக்சைடு பட்டதும் முடி சூடாகிப் புகையும்.

என்ன போட்டோம்னு உனக்கே ஞாபகம் இல்லைன்னா சோதனை முடியை வச்சுப் பார்த்துடலாம். பின்கழுத்துப் பக்கம் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய கொத்து வெட்டி, 20 வால்யூம் பெராக்சைடுல சில சொட்டு அம்மோனியா விட்டு அரைமணி நேரம் ஊற வைப்பாங்க. சூடானாலோ, நுரைச்சுப் பொங்கினாலோ, கெட்ட வாடை வந்தாலோ அந்தத் தலையில பிளீச் வைக்கவே கூடாது. இன்னொரு கொத்துல நிஜ பிளீச்சையே வச்சு, எந்த நிறம் வரைக்கும் இறங்குது, எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கணும். அதோட ஈரமுடி ஒண்ணை இழுத்துப் பாரு. ஒன்றரை மடங்கு நீண்டு திரும்பச் சுருங்கினா நல்ல முடி. சவ்வு மாதிரி நீண்டுக்கிட்டே போனாலோ பட்டுன்னு அறுந்தாலோ ரெண்டு மாசம் தள்ளிப் போடு.

இப்போ நம்ம ஊர்த் தண்ணி. 2021-ல தாம்பரம் மாநகராட்சி ஆகிடுச்சு, பல்லாவரம், பம்மல், செம்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் அதுக்குள்ள வந்துடுச்சு. ஆனா இந்தப் பக்கம் ஏகப்பட்ட வீட்டுல இன்னமும் போர் தண்ணி, இல்லேன்னா லாரித் தண்ணி. பக்கெட்டுல வெள்ளையா படியுற உப்பு முடியிலயும் படியுது. அதோட இரும்போ செம்போ சேர்ந்திருந்தா பிளீச் ஒரே சீரா வேலை செய்யாது, சில இடத்துல வேகமாகி முடியைச் சுட்டுடும். அதனால போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, உப்பை உரிச்செடுக்கிற கீலேட்டிங் ஷாம்பு போட்டு ஒரு தடவை குளி. கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணி இருந்தா உத்தமம். சலூன்லயும் என்ன தண்ணின்னு விசாரி, ஜிஎஸ்டி ரோடு ஓரக் கடைகள்லயும் போர்தான் நிறைய.

பிளீச் வைக்கிற அன்னிக்குக் காலையில தலைக்குக் குளிக்காதே, மண்டைத்தோல்ல இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு உனக்குக் கவசம். ரிமூவர்னா மட்டும் எண்ணெய் இல்லாத சுத்தமான முடி வேணும். தேங்காய் எண்ணெய் வைக்கலாமான்னு எல்லாரும் கேட்பீங்க. மாரிகோ நிறுவன ஆராய்ச்சியாளர்கள் 2003-ல வெளியிட்ட ஆய்வுல, தேங்காய் எண்ணெய் முடிக்கு உள்ளேயே போய் புரதம் கரையுறதைக் குறைக்குது, மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அப்படிச் செய்யலைன்னு வந்தது. பாராசூட் விக்கிறவங்க வேற என்ன சொல்வாங்கன்னு சிரிக்காதே, பிளீச் பண்ணின முடியிலயும் சோதிச்சுத்தான் சொன்னாங்க. பிளீச்னா முந்தின ராத்திரி நுனிப்பக்கம் கொஞ்சமா தடவிக்கோ, போனதும் ஸ்டைலிஸ்ட்கிட்ட சொல்லிடு.

வீசிங் இருக்கிறவங்க கவனிங்க. பிளீச் பவுடர்ல இருக்கிற பெர்சல்பேட் ஆஸ்துமாவைக் கிளப்பும். கதவை இறுக்கிச் சாத்தின சின்ன ஏசி ரூம் வேண்டாம். அப்புறம் வெளுத்த நிறத்தை அடக்குற டோனரோ புது டையோ போடுறதா இருந்தா 48 மணி நேரத்துக்கு முன்னாடி காதுக்குப் பின்னால பேட்ச் டெஸ்ட். டை பாக்கெட் மேலேயே எரிச்சல் வரலாம், சோதிச்சுப் பாருங்கன்னு எச்சரிக்கை போட்டிருக்கணும்னு நம்ம நாட்டுச் சட்டம் சொல்லுது. நாமதான் படிக்கிறதில்லை.

பிளீச் தடவும்போது ஒண்ணு கவனி. நடுமுடியிலயும் நுனியிலயும்தான் முதல்ல வைக்கணும், வேர்ப்பக்கம் கடைசி. மண்டைச் சூட்டுல வேர் சீக்கிரம் வெளுத்துடும், அதுவும் டை படாத புது முடி. உச்சியில இருந்து ஆரம்பிச்சாங்கன்னா நிறுத்தச் சொல்லு. எரிச்சல் தாங்க முடியலைன்னா பல்லைக் கடிச்சுட்டு உட்காராதே, உடனே அலசச் சொல்லு.

என்னைக் கேட்டா, ஒரே நாள்ல முழுக் கறுப்பையும் எடுக்கிறது வேண்டாத வேலை. நீளமுடிக்காரிகளுக்கு நான் சொல்றது ஹைலைட்ஸ்தான். மெல்லிசா அங்கங்கே பாயில் வச்சு எடுத்து, டோனர் போட்டு அடக்கினா, மீதிக் கறுப்பு நிழல் மாதிரி அழகா நிக்கும். மூணு மாசம் கழிச்சு இன்னும் கொஞ்சம். எங்கே நிறுத்தணும்னும் தெரிஞ்சிருக்கணும். செம்பு கலந்த பிரவுன்ல நிறுத்திக்கோ, நம்ம தோல் நிறத்துக்கு அது எடுப்பாவும் இருக்கும். இன்ஸ்டாகிராம்ல பார்த்த சாம்பல் பொன்னிறம் வேணும்னா வெளிர்மஞ்சள் வரைக்கும் இறக்கணும், அதுக்குள்ள பாதி ஜடை தரையில கிடக்கும்.

எங்கே போறது? 2000-ல நுங்கம்பாக்கத்துல ஒரே கடையா ஆரம்பிச்ச நேச்சுரல்ஸ், கெவின்கேர் குழுமத்தோட கிரீன் ட்ரெண்ட்ஸ்னு நம்ம சென்னைச் சங்கிலிகளே இந்தப் பக்கம் நிறைய இருக்கு, தெருவுக்குத் தெரு தனிப் பார்லரும் இருக்கு. போர்டைப் பார்க்காதே, கையைப் பாரு. "கறுப்பு டை எடுத்த தலை போட்டோ காட்டுங்க"ன்னு கேளு. டையே படாத முடியில கலர் பண்ணின போட்டோவைக் காட்டினா அது வேற வேலை. செவ்வாய்க்கிழமை முடியில கை வைக்க நம்மாளுங்க தயங்குவாங்க, கடை காலியா இருக்கும், அவசரமில்லாம பார்ப்பாங்க. எத்தனை சிட்டிங், ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு, டோனரும், முடி உடையாம காக்குற பாண்ட் பில்டரும் சேர்த்தா தனியான்னு எழுதி வாங்கிக்கோ. 2025 செப்டம்பர் 22-ல இருந்து பார்லர் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துல இருந்து 5 ஆகிடுச்சு. பில்லுல 18 போட்டிருந்தா கேளு.

வீட்டு வைத்தியம் பத்தி ரெண்டே வரி. வைட்டமின் சி மாத்திரையைப் பொடிச்சு ஷாம்புல கலந்து போட்டா போன வாரம் அடிச்ச டை கொஞ்சம் மங்கும், வருஷக்கணக்கான கறுப்பு போகாது. தண்ணித் தொட்டிக்கும் சாக்கடைக்கும் போடுற பிளீச்சிங் பவுடரைத் தலைகிட்ட கொண்டு போயிடாதே, அது குளோரின் சரக்கு, முடியும் போகும், தோலும் வெந்துடும்.

எடுத்த பிறகு ரெண்டு மூணு நாள் ஷாம்பு வேண்டாம். மருதாணி, மஞ்சள் பக்கமே போகாதே, வெளுத்த முடி எதையும் உறிஞ்சிக்கும், ஆரஞ்சா மாறிடும். செம்பருத்தி இலையை அரைச்சு வழவழன்னு தடவிக்கோ. ஈரத்தலையோட ஹெல்மெட் போட்டுட்டு ஓடாதே. மேல பிரவுன் டை போடணும்னா, வேணும்ங்கிற நிறத்தை விட ஒரு ஷேடு வெளிர்ல எடு, இப்போ முடி டையை வழக்கத்தை விட ஆழமாப் பிடிக்கும். கல்யாணம், நிச்சயம் எதுவும் ரெண்டு மாசத்துக்குள்ள இருந்தா இந்த வேலையை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே.

அம்மாவுக்காகக் கேட்கிறவங்களும் இருக்கீங்க, டையை விட்டுட்டு நரையோட இருக்கணும்னு. ரிமூவர் போட்டாலும் அடியில பளிச்சுன்னு வெள்ளி கிடைக்காது, மஞ்சளடிச்ச நரைதான் வரும், ஊதா ஷாம்பு போட்டு அடக்கணும். அறுபதை நெருங்குற தலைக்கு நான் அதைச் சிபாரிசு பண்ண மாட்டேன். கழுத்தளவுக்கு வெட்டிட்டு வளர விடச் சொல்லு, ஒன்றரை வருஷத்துல பழைய டை பெரும்பாலும் தானா வெட்டுப்பட்டுப் போயிடும்.