குதித்து இறங்கும் முழங்கால்

அன்புள்ள தங்கைக்கு,

பெண்கள் வாலிபால் அணிக்குப் பிசியோவாகச் சேர்ந்திருக்கிறாய். சீசனுக்கு முன் எல்லோரையும் குதிக்கவைத்து வீடியோ எடுக்கப்போவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் செய். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்து நீ போடும் மதிப்பெண் எதற்கு என்பதை முதலிலேயே முடிவுசெய்துகொள்.

ஒவ்வொருத்தியையும் 30 செ.மீ. பெட்டியிலிருந்து, தன் உயரத்தில் பாதி தூரம் முன்னே குதித்து, தரை தொட்டதும் முடிந்தவரை உயர எம்பச் சொல். எப்படி இறங்குவது என்று முன்கூட்டிச் சொல்லிக்கொடுக்காதே. அவளுடைய வழக்கம்தான் நமக்கு வேண்டும். முன்னால் ஒரு கேமரா, பக்கவாட்டில் ஒன்று. பாதம் தரையில் படும் கணத்தில் படத்தை நிறுத்து. முட்டி மடங்காமல் விறைத்திருக்கிறதா? உடம்பு ஒருபுறம் சாய்கிறதா? ஒரு பாதம் முந்துகிறதா? அங்கிருந்து ஒவ்வொரு பிரேமாக நகர்த்து. முட்டிகள் உள்பக்கம் சரிவது அப்போது தெரியும்.

2005இல் அமெரிக்காவில் ஹியூவெட் என்பவரின் ஆய்வுக்குழு 205 வீராங்கனைகளை ஆராய்ந்தது. பின்னர் முழங்காலின் ஏ.சி.எல். ஜவ்வு கிழிந்த 9 பேருக்கு, இறங்கும்போது முட்டி மற்றவர்களைவிடச் சராசரியாக அதிகம் உள்ளே சரிந்திருந்தது. யாருக்கு ஜவ்வு கிழியும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. 2016இல் நார்வேயின் கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகள் 700க்கும் மேற்பட்டோரை வைத்து வெளிவந்த ஆய்வு அதை அசைத்தது. ஜவ்வு கிழிந்தவர்களின் அளவுகளும் கிழியாதவர்களின் அளவுகளும் கலந்தே கிடந்தன. கோடு கிழித்துப் பிரிக்க வழியில்லை. ஆட்டத்தில் கண் பந்தின்மேல் இருக்கும். பல நேரம் ஒற்றைக்காலில் இறங்க நேரும். பெட்டிச் சோதனையில் அந்த நெருக்கடி கிடையாது.

ஆகவே, மதிப்பெண்ணைத் தேர்வுக்குழுவிடம் கொடுக்காதே. "உனக்கு ஜவ்வு கிழியும்" என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதே; அந்தப் பயத்தோடு அவள் எப்படி எம்புவாள்? நன்றாக இறங்குபவளிடம் "உனக்குக் கவலையில்லை" என்றும் சொல்லாதே. ஏற்கெனவே ஜவ்வு அடிபட்டதுண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேள். அந்தப் பதில் பெட்டியைவிட அதிகம் சொல்லும்.

பயிற்சியை அணி முழுவதுக்கும் கொடு. கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11+' வார்ம்-அப் சுமார் 20 நிமிடம்தான். இவ்வகைப் பயிற்சிகள் பெண்களின் ஏ.சி.எல். காயங்களை ஏறக்குறைய பாதியாகக் குறைத்திருக்கின்றன. உன் ஆட்டத்துக்கேற்ப பிளாக் செய்து இறங்குவதையும் ஸ்பைக் அடித்து இறங்குவதையும் சேர்த்துக்கொள். "சத்தமில்லாமல் இறங்கு, முட்டியை மடக்கு, பாதத்துக்கு நேரே வை" என்று சொல்லிக்கொண்டே இரு.

ஒவ்வொருத்தியின் வீடியோவையும் அவளுக்கே காட்டு. சில வாரம் கழித்து மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டு. கோச்சிடம் வாதாட வேண்டியிருந்தால், அந்த 20 நிமிடத்துக்காக வாதாடு.

அன்புடன்,
உன் அக்கா