வெள்ளைத் துணுக்கின் வயது

கேள்வி: பூமியில் கிடைத்த மிகப் பழைய கனிமத்துக்கே 440 கோடி வயதுதான் என்கிறார்கள். அப்படியானால் சூரியக் குடும்பத்துக்கு 456 கோடியே 73 லட்சம் வயது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள், அதுவும் லட்சக் கணக்குவரை? வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. – ஓர் ஆசிரியை, தேனி

பதில்: உங்கள் மாணவி கேட்டது நியாயமான கேள்வி. பூமியின் முதல் பாறைகள் உருகி, புதைந்து, மறுபடி உருகி அடையாளமே தெரியாமல் போய்விட்டன. பிறந்த நாளிலிருந்து உருகாத கல் வானத்திலிருந்துதான் வரவேண்டும்.

1969 பிப்ரவரி 8 அதிகாலையில் மெக்சிகோவின் வடக்கே அயெந்தே விண்கல் சிதறி விழுந்தது. இரண்டு டன்னுக்கு மேல் பொறுக்கினார்கள். அதில் ஒரு துண்டை அறுத்துப் பாருங்கள்: கருஞ்சாம்பல் நிறக் கல்லில் சுண்ணாம்பு தெறித்தது போல, ஒழுங்கில்லாத வெள்ளைத் துணுக்குகள் தெரியும். சில கடுகளவு, சில சுண்டைக்காய் அளவு. கால்சியமும் அலுமினியமும் மிகுந்தவை. இளம் சூரியனைச் சுற்றியிருந்த வாயு ஆறியபோது, ஆயிரத்துச் சொச்சம் டிகிரி சூட்டிலேயே முதலில் கெட்டியானவை இவைதான்.

இவற்றின் வயதைச் சொல்வது ஈயம். யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டு பிடிக்கும். அது ஈயம்-206 ஆக முடியும். யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டே போதும். அது ஈயம்-207 ஆகும். வேகமானது ஆரம்பத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிடுவதால், கல் பழையதாக ஆக ஈயம்-206ஐ ஒப்பிட ஈயம்-207இன் பங்கு கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒரே தனிமம் என்பதுதான் இதன் அழகு. பிற்காலத்தில் கொஞ்சம் ஈயம் கசிந்து போயிருந்தாலும் விகிதம் அவ்வளவாகக் கெடாது.

வெளி ஈயம் ஒட்டிக்கொள்வதுதான் பெரிய தலைவலி. கிளேர் பேட்டர்சன் 1956இல் விண்கற்களைக் கொண்டு 455 கோடி (7 கோடி முன்பின்) என்று சொல்வதற்கு, ஆய்வகக் காற்றிலும் தண்ணீரிலும் பாத்திரத்திலும் இருந்த ஈயத்தை ஒழிக்கவே ஆண்டுக்கணக்கில் போராடினார். அந்த அனுபவம்தான் பின்னாளில் அவரைப் பெட்ரோலில் ஈயம் கலப்பதை எதிர்க்கவும் வைத்தது. இன்று துணுக்கை அமிலத்தில் படிப்படியாகக் கழுவி, கனிமத்துக்குள் பிறந்த ஈயத்தைத் தனியே பிரிக்கிறார்கள்.

அப்படியும் ஒரு பிழை ஒளிந்திருந்தது. இரு யுரேனியங்களின் இன்றைய விகிதம் எங்கும் 137.88 என்றே எல்லோரும் கணக்கிட்டு வந்தார்கள். அயெந்தேயின் வெள்ளைத் துணுக்குகளில் அது துணுக்குக்குத் துணுக்கு மாறுகிறது என்று 2010இல் தெரிந்தது. வயது 50 லட்சம் ஆண்டு வரை தப்பலாம். எனவே 2012இல் கோபன்ஹேகன் குழுவினர், கஜகஸ்தானில் கிடைத்த எஃப்ரெமோவ்கா விண்கல்லின் துணுக்கு ஒவ்வொன்றிலும் யுரேனியத்தையும் தனித்தனியே அளந்தார்கள். நீங்கள் சொன்ன எண் அதில் வந்ததுதான். பிழை வரம்பு 1 லட்சத்து 60 ஆயிரம் ஆண்டு. அறுபது வயதுக்காரர் பிறந்த நேரத்தை முக்கால் நாள் முன்பின்னாகச் சொல்வதற்குச் சமம்!

மாணவியிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். வடமேற்கு ஆப்பிரிக்காவில் கிடைத்த ஒரு விண்கல்லின் துணுக்குக்கு 456 கோடியே 82 லட்சம் வயது என்று 2010இல் வேறொரு குழு கணித்தது. இடையிலுள்ள அந்த ஒன்பது லட்சம் ஆண்டு வழக்கு இன்னும் தீரவில்லை.